வலது பக்கத்து சீட்டு

நான் கேட்டது கார். நான்கு கதவும் ஒழுங்காகச் சாத்தக்கூடிய, மழை பெய்தால் உள்ளே நனையாத, முந்தானை பறந்து பக்கத்தில் போகிற சைக்கிள்காரன் முகத்தில் அடிக்காத ஒரு கார். பெரம்பலூரில் அப்போது சொந்தக் கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த வரிசையில் நாமும் சேரலாமே என்று எனக்கு ஒரு நப்பாசை. என் வீட்டுக்காரர் வாங்கி வந்தது ஜீப்பு. அதுவும் பட்டாளத்தில் ஓடி ஓய்ந்து ஏலத்துக்கு வந்தது. எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் அதைத் திருச்சியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். வெளியே வந்து சுற்றிப் பார்த்தேன்.

"கதவு எங்க?" என்றேன்.

"கதவு எதுக்கு? ஏறி எறங்க சௌரியமா இருக்குல்ல" என்றார்.

அவருக்கு ஆயில் எஞ்சின் தொழில். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் எஞ்சின்களையும் மோட்டார்களையும் விற்பார், ரிப்பேர் பார்ப்பார். சுற்றுப்பட்டு ஊர்களில் அவருக்குப் பெயரே இஞ்சின்காரர்தான். நான் கடையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குப் பதில் சொல்வேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஜீப்பு வந்த பிறகு அந்தக் குறையை அவர் மறந்துவிட்டார் என்று நான் அடிக்கடி சொல்லிக் காட்டுவேன். அவர் சிரிப்பார். பொய்யென்றால் மறுத்திருப்பார் அல்லவா.

ஏலத்தில் எடுத்த வண்டியை அவர் அப்படியே விடவில்லை. எஞ்சினை இறக்கி, பாகம் பாகமாகப் பிரித்து, வீட்டின் பின்கட்டில் சாக்கு விரித்துப் பரப்பினார். அதெல்லாம் முடியும்வரை துணி உலர்த்த நான் பக்கத்து வீட்டுக்குத்தான் போனேன். எங்கெங்கோ தேடிப் பெரிய வண்டியின் கார்புரேட்டர் ஒன்றைக் கொண்டு வந்து பொருத்தினார். மறுபடி பூட்டி முடித்தபோது அது வேறு எஞ்சினாகிவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கொஞ்சம் யோசிக்கும். பிறகு முதுகில் கை வைத்து யாரோ தள்ளுவது மாதிரி கிளம்பும். துறைமங்கலத்தில் மெட்ராஸ் ரோட்டில் ஏறிவிட்டால் அவர் முகமே மாறிவிடும். பஸ்களையும் லாரிகளையும் ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போவார். நான் பக்கத்துக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். ஆனால் மெதுவாகப் போகச் சொல்லவும் மனசு வராது. அந்த வேகத்தில் எனக்கும் ஒரு ருசி வந்துவிட்டது. அதை நான் அவரிடம் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

மழைக்காலத்தில்தான் வண்டியின் உண்மையான அருமை தெரியும். எங்கள் பக்கத்துக் கரிசல் மண்ணைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஐப்பசியில் நாலு நாள் மழை பிடித்தால் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். டவுன் பஸ் அச்சுவரை இறங்கி நிற்கும். மற்ற வண்டிகளைப் பின்சக்கரங்கள் மட்டும் தள்ளும். ஜீப்புக்கு நாலு சக்கரமும் இழுக்கும். கியர் கம்பிக்குப் பக்கத்தில் தரையில் இன்னும் இரண்டு சின்னக் கம்பிகள் இருந்தன. ஒன்றைத் தள்ளினால் முன்சக்கரங்களும் வேலை செய்ய ஆரம்பிக்கும். மற்றொன்று வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். பஸ்ஸில் மாட்டிக்கொண்ட ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, சேற்றில் உறுமிக்கொண்டு எங்கள் வண்டி போகும். அப்போது அவர் யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டார். எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"தாரு ரோட்டுல மட்டும் முன்சக்கரத்தச் சேத்துடக் கூடாது. ஸ்டீரிங் மொரண்டு புடிக்கும்" என்று எனக்குச் சொல்வார். வண்டி ஓட்டாத எனக்கு எதற்கு இதெல்லாம் என்று அப்போது தோன்றவில்லை. பேசுவதற்கு அவருக்கு வேறு விஷயம் இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த ஜீப்பில் இன்னொரு விசேஷம், ஸ்டீரிங் இடது பக்கம் இருந்தது. பட்டாளத்து ஜீப்புகள் பல அப்படித்தான். பின்னால் வருகிறவர்களை எச்சரிக்க 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று ஆங்கிலத்தில் சிவப்பாக எழுதியிருக்கும். ஊரில் மற்ற வண்டிகளில் டிரைவர் உட்காரும் இடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். கையில் ஸ்டீரிங் இருக்காது, சோற்றுக் கூடை இருக்கும்.

கூடையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்காரவும் முடியாது. இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு முன்னால் போகும் லாரியைத் தாண்டி எதுவும் தெரியாது. எதிரே வண்டி வருகிறதா என்று வலது பக்கத்தில் இருப்பவர்தான் தலையை நீட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். "என்ன வருது?" என்பார். "பஸ்ஸு வருது, இருங்க" என்பேன். "இப்ப?" என்பார். "ஒண்ணுமில்ல, போங்க" என்பேன். உடனே ஏறிவிடுவார். ஒரு தடவைகூட என் சொல்லைச் சந்தேகப்பட்டதில்லை. வீட்டில் உப்பு கூடவா குறைவா என்று நான் சொல்வதை நம்பாத மனுஷன், ரோட்டில் உயிரையே என் வாயில் வைத்துவிட்டு ஓட்டுவார். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் கேட்பது கூடிப்போனது. முன்னால் லாரி இல்லாதபோதும், "என்ன வருது?" என்பார். "ஓரத்துல யாராச்சும் நிக்கிறாங்களா?" என்பார். பழக்கதோஷம் என்று நினைத்தேன். வீட்டிலும் சின்னச் சின்னதாக ஏதாவது நடக்கும். பக்கத்தில் வைத்த காபி டம்ளரைக் கை தட்டிவிடும். நிலைப்படியில் தோள் இடிக்கும். ஆனால் காலையில் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பார், எஞ்சினுக்குள் இருக்கும் பொடி ஆணியைக்கூடச் சரியாக எடுப்பார். அதனால் எனக்கு வேறு எண்ணமே வரவில்லை. "ஒங்க கவனமெல்லாம் வண்டி மேலதான்" என்று திட்டிக்கொண்டே கொட்டிய காபியைத் துடைப்பேன்.

அந்த வருஷம் கோடையில் திடீரென்று, "நீ வண்டி ஓட்டக் கத்துக்க" என்றார்.

கிண்டல் என்றே நினைத்தேன். மறுநாள் காலையில் வறண்டு கிடந்த ஏரிக்குள் வண்டியை இறக்கி நிறுத்தி, என்னை இடது பக்கம் உட்கார வைத்தார். முதல் நாள் நான் க்ளட்சை விட்ட லட்சணத்தில் அவருடைய வெற்றிலைப் பெட்டி பறந்து போய் முள்ளில் விழுந்தது. அவர் கோபிக்கவில்லை. வேறு விஷயத்துக்கெல்லாம் சுள்ளென்று விழுகிறவர், வண்டி விஷயத்தில் பொறுமையின் உருவமாக இருந்தார். மேட்டில் ஏற்றச் சொல்வார், மணலில் நிறுத்திக் கிளப்பச் சொல்வார். முன்சக்கரத்தைச் சேர்த்ததும் வண்டி மண்ணைக் கவ்விக்கொண்டு ஏறும். அது ஸ்டீரிங் வழியாக என் உள்ளங்கையில் தெரியும். அந்த ஏரிக்குள் தனியாக ஒரு சுற்றுப் போய்வந்த நாளில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் எனக்கென்று ஒரு பொருள் கிடைத்தது அன்றுதான்.

விஷயம் தெரிந்ததும் ஊர் சும்மா இருக்குமா? கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்து, "அம்மா வண்டி எடுத்தா சொல்லி அனுப்புங்க, நாங்க வூட்டுக்குள்ள இருந்துக்கிறோம்" என்பார்கள். எங்களோடு இருந்த என் மாமனாருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. நேரடியாகச் சொல்ல மாட்டார். நான் சோறு போடும்போது கூரையைப் பார்த்து, "காலம் கெட்டுப்போச்சு" என்பார். நான் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவேன். வண்டி பழகுகிறவர்களுக்குக் கொடுக்கும் எல்.எல்.ஆர். வாங்கிவிட்டேன். 'எல்' என்று சிவப்பு எழுத்துப் போட்ட பலகையை ஜீப்பில் கட்டியாகிவிட்டது. மாசி முடிந்ததும் லைசென்ஸுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும் என்று இருந்தது. அந்த லைசென்ஸை வாங்கியே தீர்வது என்று நான் ஒரு பிடிவாதத்தில் இருந்தேன்.

அப்படியிருக்கும்போதுதான் தை மாதம் அந்தக் காரியம் நடந்தது.

எங்கள் பக்கத்தில் அறுவடைக் காலத்தில் தார் ரோடுதான் களம். கொள்ளுச் செடியையும் வரகுத் தாளையும் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற பஸ்ஸும் லாரியும் மிதித்துத் தானியத்தை உதிர்த்துக் கொடுத்துவிட்டுப் போகும். பட்டாளத்து டயர் பல்லுப்பல்லாக இருக்கும் என்பதால் எங்கள் ஜீப்புக்கு ஏக மரியாதை. தூரத்தில் வரும்போதே பெண்கள் தாளை இழுத்து நடுவில் போடுவார்கள். கொள்ளுச் செடி வண்டிக்கு அடியில் சுழலும் ஷாப்டில் சுற்றிக்கொள்ளும். மற்ற வண்டிகளுக்குப் பின்பக்கம் ஒரு ஷாப்டு என்றால் எங்களுக்கு முன்னாலும் ஒன்று. தாள் கருகும் வாடை வந்ததும் இறங்கி, அரிவாளோடு அடியில் புகுந்து அறுத்துவிட்டு வருவார். சட்டை முழுக்கத் தூசியாக எழுந்து, "ஒங்க வேலைய முடிச்சுக் குடுத்தாச்சு, ஒரு சொம்பு மோர் குடுங்க" என்பார். கொடுப்பார்கள்.

ஆனால் இதில் ஒரு முறை இருக்கிறது. தாள் மேல் வண்டியை ஏற்றலாம், ஏற்றத்தான் வேண்டும். உதிர்த்துத் தூற்றிச் சுத்தம் பண்ணிய தானியம் ரோட்டோரம் காய்ந்தால் அதன்மேல் ஏற்றக் கூடாது. சுற்றிலும் கல் வைத்திருப்பார்கள். வண்டிக்காரர்கள் விலகித்தான் போவார்கள். அதற்குள் போகிறவர்கள்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கால் வைப்பார்கள். சாப்பிடுகிற பொருள் அல்லவா?

அன்று மதியம் அரியலூர்ப் பக்கம் ஒரு வேலையை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அவர்தான் ஓட்டினார். நான் வலது பக்கம் கூடையோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு ஊரைத் தாண்டும்போது இடது ஓரத்தில் வெள்ளைச் சோளம் பாய் விரித்த மாதிரி காய்ந்துகொண்டிருந்தது. விலகுவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். விலகவில்லை. கல்லில் ஏறி வண்டி குலுங்கியது. பிறகு சக்கரத்தின் அடியில் மொறமொறவென்று சத்தம்.

"நிறுத்துங்க" என்றேன்.

கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்தினார். "என்னாச்சு?" என்றார். உண்மையாகவே கேட்டார்.

"சோளத்து மேல ஏத்திட்டு என்னாச்சுங்கிறீங்களே?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். பின்னால் ஒரு அம்மாள் விளக்குமாற்றோடு கத்திக்கொண்டு வருவது எனக்குக் கேட்டது. இறங்கி ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கியரைப் போட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். வீடு வரும்வரை நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இரண்டு நாளில் பேச்சு பெரம்பலூருக்கு வந்து சேர்ந்தது. இஞ்சின்காரர் சம்சாரம் ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்து காய்கிற சோளத்தின் மேல் ஏற்றிவிட்டு, நின்றுகூடப் பார்க்காமல் போய்விட்டாள் என்று.

நானா? முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு புரிந்தது. வலது பக்கம் உட்கார்ந்திருந்தது ஒரு பொம்பளை. எல்லா வண்டியிலும் ஓட்டுகிறவர் அந்தப் பக்கம்தானே இருப்பார். அதோடு நான் வண்டி பழகுவது ஊரறிந்த சங்கதி. சிவப்புப் பலகை வேறு தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு வேகத்தில் போன வண்டியில் ஸ்டீரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

"கண்ணால பாத்தவங்க சொல்றாங்களே" என்றார்கள் கடைக்கு வந்தவர்கள்.

ஒரு வார்த்தை. 'ஓட்டினது நான்தான்' என்று என் வீட்டுக்காரர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் சொல்லவில்லை. கடையில் என்னை வைத்துக்கொண்டே அவர்கள் பேசினார்கள். அவர் தலையைக் குனிந்து ஒரு எஞ்சின் மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் என் மாமனார் முதல்முறையாகக் கூரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "போதும்மா. இனிமே நீ அந்த வண்டியில கை வைக்க வேணாம். லைசென்ஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்." அப்போதும் அவர் மகன் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. அடுப்படியில் பாத்திரங்கள் பட்ட பாட்டைக் கேட்டிருந்தால் உங்களுக்கே புரிந்திருக்கும். ஆம்பளைக்குத் தன் பெயர் கெடக் கூடாது, பெண்டாட்டி பெயர் கெட்டால் பரவாயில்லை என்றுதான் எண்ணினேன். அவரிடம் சொல்லிவிட்டேன்: "இனிமே ஒங்க வண்டியில நான் ஏற மாட்டேன். பஸ்ஸு வருதா லாரி வருதான்னு நீங்களே பாத்துக்குங்க."

மறுநாளிலிருந்து அவர் ஜீப்பை எடுக்கவில்லை. சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஊர் ஊராகப் போனார். காலையில் எழுந்ததும் வண்டியைத் துடைப்பார். எஞ்சினை ஓடவிட்டுப் பக்கத்தில் நின்று கேட்பார், அணைப்பார், பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பார். எனக்கு உரைக்க வேண்டும் என்று வீம்புக்குச் செய்கிறார் என்று நினைத்து நானும் முறுக்கிக்கொண்டேன். அந்த நாட்களில் அந்த வீட்டில் எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு பேச்சில்லை.

மாசி பிறந்த பிறகு ஒருநாள் அந்தச் சோளக்கார அம்மாளே எங்கள் கடைக்கு வந்தாள். கணவன் போன பிறகு தனியாக நின்று வெள்ளாமை பார்க்கிறவள். அவளுடைய கிணற்று எஞ்சின் நின்றுபோய்விட்டது. மிளகாய்ச் செடி வாடுகிறது. அங்கேயே சரிசெய்ய முடியாது, கடைக்குத்தான் கொண்டுவர வேண்டும் என்று அவள் சொன்ன அடையாளத்தை வைத்தே இவருக்குத் தெரிந்துவிட்டது. கிணற்றுக்குப் போகும் வழியில் ஓடை. மணலில் பாரம் ஏற்றி வந்தால் மாடுகள் முட்டி போட்டுவிடும் என்றாள். ஜீப்பு ஒன்றுதான் வழி.

"நீங்க வாங்கய்யா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "அந்தம்மா ஓட்டிக்கிட்டு வந்தா நாங்க ஊருக்குள்ள வுட மாட்டோம். இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.

"காலையில வண்டி வரும்" என்றார் இவர்.

அன்று சாயங்காலம் என்னிடம் வந்து, "நாளைக்கு நீதான் ஓட்டணும்" என்றார்.

"நல்லா இருக்கே. ஓட்டாமலே ஓட்டுனேன்னு பேரு வாங்கியாச்சு. இப்ப நெசமாவே ஓட்டிட்டுப் போயி ஒதையும் வாங்கணுமா?"

"வேற வழி இல்ல" என்றார். அவ்வளவுதான். ஆனால் அவர் குரலில் வீம்பு இல்லை. போகத்தான் வேண்டும் என்று எனக்கும் தோன்றியது. போய், நடு ரோட்டில் நின்று, ஸ்டீரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அந்த அம்மாளின் கையைப் பிடித்துக் காட்டிவிட்டு வருவது என்று முடிவு செய்தேன். அதற்கு வண்டி அங்கே போயாக வேண்டுமே.

காலையில் நான் இடது பக்கம் ஏறுவதைப் பார்த்துவிட்டு மாமனார் வாசலுக்கு வந்தார். "நான்தான் ஓட்டச் சொன்னேன்" என்றார் இவர். பிறகு சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம் ஏறி உட்கார்ந்தார். அந்தப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிடித்துக்கொள்ளக் கூடைகூட இல்லை.

வண்டி சும்மா கிடந்த கோபமெல்லாம் தீர ஓடியது. ஏரிக்குள் பழகியதைவிட ரோட்டில் ஓட்டுவது எனக்கு எளிதாகவே இருந்தது. காலை வெயில், இரண்டு பக்கமும் பருத்திக் காடு. என் கோபம்கூடக் கொஞ்சம் தணிந்துவிட்டது. பாதி வழி போனதும் முன்னால் ஒரு லாரி. அரியலூர்ப் பக்கம் ரெட்டிபாளையத்துக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றப் போகும் காலி லாரியாக இருக்க வேண்டும், தூசியைக் கிளப்பிக்கொண்டு ஆடி அசைந்து போனது. தூசி எங்கள் முகத்தில் அடித்தது.

"என்ன வருது?" என்று கேட்டேன். அத்தனை வருஷம் அவர் கேட்டதை முதல்முறையாக நான் கேட்டேன்.

அவர் தலையை வெளியே நீட்டினார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

"என்னங்க, போலாமா?"

தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். "நான் சொல்றத நம்பி ஏறாத" என்றார். "லாரி பின்னாலேயே போ."

நான் அவரைப் பார்த்தேன். அவர் மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரோட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த லாரியின் பின்னாலேயே, வெள்ளைத் தூசியை விழுங்கிக்கொண்டு, நடைவேகத்தில் போனேன். கொட்டிய காபி, இடித்த நிலைப்படி, ஓரத்தில் யார் நிற்கிறார்கள் என்ற கேள்வி, கோடையில் திடீரென்று வந்த 'கத்துக்க' எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கேட்டால் உடைந்துவிடுவார் என்று பயமாக இருந்தது. கேட்காமலும் இருக்க முடியவில்லை. "எப்பலேர்ந்து?" என்று மட்டும் கேட்டேன். எஞ்சின் சத்தத்தில் காதில் விழவில்லை என்கிற மாதிரி இருந்துவிட்டார்.

அந்த ஊர் எல்லையில் ரோட்டோரம் மறுபடியும் தானியம் காய்ந்துகொண்டிருந்தது. நான் தள்ளியே வண்டியை நிறுத்தினேன். அந்த அம்மாளும் இன்னும் நாலைந்து பேரும் எழுந்து வந்தார்கள். நான் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு இருப்பதை அவள் பார்த்தாள். இடது பக்கம் இருப்பதைப் பார்த்தாள் என்றா நினைக்கிறீர்கள்? நான் ஓட்டி வந்ததை மட்டும்தான் பார்த்தாள்.

"சொல்லியும் கூட்டிக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று அவரிடம் சொன்னாள். பிறகு என்னிடம், "ஏம்மா, பத்து ஆளு படுக்குற அளவுக்கு வெள்ளச் சோளம் காயுது. குருடனுக்குக்கூடத் தெரியுமே, ஒனக்குத் தெரியலையா?" என்றாள்.

வருகிற வழியெல்லாம் நான் சேர்த்து வைத்திருந்த பேச்சு எனக்கு வாயில் வந்து நின்றது. ஆனால் இப்போது அதைச் சொல்ல என்னால் முடியாது. நானில்லை என்றால், பிறகு யார்? அந்தக் கேள்விக்குப் பதில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பெயர் கெட்டால் கெடட்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிய சந்தர்ப்பங்கள் குறைவு.

அவர் இறங்கினார். வண்டியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் எதிரே வந்து நின்றார்.

"அன்னைக்கு ஓட்டுனது அவ இல்லம்மா. நான்தான்" என்றார். "இந்த வண்டிக்கு ஸ்டீரிங் அந்தப் பக்கம். எனக்குச் சோளம் தெரியல. நேரா இருக்கறது தெரியும், ஓரத்துல இருக்கறது தெரியாது. திருச்சியில டாக்டருகிட்ட காட்டுனேன். கண்ணுல அழுத்தமாம். போனது போனதுதான், வராதுன்னுட்டாரு. இருக்கறதக் காப்பாத்திக்க மருந்து வுட்டுக்கிட்டு இருக்கேன்."

அந்த அம்மாள் கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே போட்டாள். என்னைப் பார்த்தாள். எனக்கு இது தெரியாது என்பது என் முகத்திலேயே எழுதியிருந்திருக்க வேண்டும்.

"பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லலையாய்யா நீங்க?" என்றாள்.

"சொன்னா வண்டிய வித்துடச் சொல்லுவா" என்றார். "அதான் மொதல்ல அவளுக்கு ஓட்டக் கத்துக்குடுத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

நான் பக்கத்தில் இருக்கிறேன் என்பதையே மறந்துவிட்ட மாதிரி சொன்னார். எனக்கு அடிக்கலாம் போல் ஆத்திரமாக இருந்தது. ஊர்பேர் தெரியாத ஒருத்தியிடம் நடு ரோட்டில் சொல்ல முடிந்தது, ராத்திரி பகல் பக்கத்தில் இருக்கிற என்னிடம் சொல்ல முடியவில்லை. என் பெயர் கெடுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தாரே என்றும் இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. அன்றைக்கே சொல்லியிருந்தால், அடுத்த வாரமே ஆள் பார்த்து அந்த ஜீப்பைத் தள்ளிவிட்டிருப்பேன். அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது.

அந்த அம்மாள் குனிந்து விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள். "செடி காயுதுய்யா" என்றாள், முன்னிருந்த குரல் இல்லை அது. "ஓடைக்கு இந்தப் பக்கமாப் போவணும். நான் முன்னால நடந்து வழி காட்டுறேன். நீ பின்னாலயே வாம்மா."

அவள் தானியத்தைச் சுற்றிக்கொண்டு வண்டிப்பாதையில் இறங்கி நடந்தாள். தூரத்தில் ஓடை மணல் வெயிலில் பளபளத்தது. நான் குனிந்து முன்சக்கரத்துக் கம்பியைத் தள்ளினேன். உள்ளே பல்லோடு பல் சேரும் சத்தம் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். வண்டியைத் தடவிக்கொண்டே வலது பக்கம் வந்து நின்றார்.

"ஏறுங்க" என்று சொல்லிக் கையை நீட்டினேன்.

என் கை அவருக்குத் தெரியவில்லை. நானே எட்டி, அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தேன்.